கிரேக்கருக்கே கிரேக்கம் சொன்னேன்

முதலில் என் மானத்தை நானே வாங்கிவிடுகிறேன், அப்புறம் நிம்மதியாகப் பேசலாம். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் கிரேக்கத் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம், கிரேக்கன் எவனும் எழுதிய ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமலே நடத்தினேன். மொழிபெயர்ப்பில்கூட இல்லை. கிரேக்கர்களைப் பற்றி ஜெர்மன்காரர்கள் சொன்னது, அந்த ஜெர்மன்காரர்களைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் சொன்னது, இரண்டையும் சுருக்கி யாரோ போட்ட கைடு சொன்னது என்று மூன்று கை மாறி வந்ததுதான் என் மூலநூல். அதிலும் பரீட்சைக்கு வரும் பகுதி மட்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் ஏதாவது உபயோகமாக எழுதித் தரச் சொன்னீர்கள். பாடத்தை எப்படி முடிப்பது, பின் வரிசைத் தூக்கத்தை எப்படிக் கலைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நெருக்கடியில் எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதையும் நான் கற்றுக்கொண்டவன் இல்லை. கற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவன்.

பெரிய தத்துவவாதிகள் யாருடைய பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. பெயர் உதிர்த்தே சம்பளம் வாங்கியவன் நான். குடிகாரன் குடியை விட்ட மாதிரி இப்போது விட்டிருக்கிறேன், ஒரு சொட்டு பட்டாலும் பழையபடி ஆகிவிடும்.

என் பாடத்துக்கு நடுநாயகம் ஏதென்ஸ் கிழவர். சந்தையில் நின்றுகொண்டு வருகிறவன் போகிறவனையெல்லாம் கேள்வி கேட்டுப் பேஜார் செய்து, கடைசியில் கோர்ட்டில் நிறுத்தப்பட்டு, விஷம் குடித்துச் செத்தவர். அவராக எதுவும் எழுதவில்லை, சீடர்கள் எழுதினார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து ஐரோப்பாவில் ஆளாளுக்கு அவரை எழுப்பி உட்காரவைத்துத் தங்கள் சட்டையை மாட்டிவிட்டார்கள். பெரிய மீசை வைத்த ஒரு ஜெர்மன்காரர், கிரேக்கர்கள் ஆடிப் பாடிக் குடித்து நன்றாகத்தான் இருந்தார்கள், இந்தக் கிழவர் வந்து ‘ஏன், எதற்கு’ என்று கேட்டே கெடுத்துவிட்டார் என்றார். காட்டுக் குடிசையில் உட்கார்ந்து யோசித்த இன்னொரு ஜெர்மன்காரர், கிழவருக்கும் முந்தியவர்களிடம்தான் சரக்கு இருந்தது, அதற்குப் பிறகு வந்த எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஞாபகம் வைத்திருப்பது நான்தான் என்கிற மாதிரி பேசினார். சர்வாதிகாரத்துக்குத் தப்பி ஓடிய ஒருவர், கிழவரின் பெரிய சீடர்தான் சர்வாதிகாரிகளுக்கெல்லாம் பாட்டன் என்றார். கடைசியாக வந்த பிரெஞ்சுக்காரர், இது படிக்கிற சமாச்சாரமே இல்லை, தினமும் செய்ய வேண்டிய பயிற்சி என்றார். அதையும் நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடத்தினேன்.

குடிசைக்காரர், அந்த மனிதரை ஓடவைத்த ஜெர்மன் சர்வாதிகாரியின் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். இது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் வரும்போது மட்டும் மணி அடித்துவிடும் மாதிரி பாடத்தை அமைத்துக்கொள்வேன்.

எங்கள் துறையில் இரண்டே பேர். துறைத் தலைவர் மேடம் வேலூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார், மற்ற ஆறு நாளும் என்னை மன்னிக்க மாட்டார். அந்தத் துறையை ஒரு பீரோவையும் ஒரு மேஜையையும் வைத்துத் தொடங்கியவர் அவர்தான். தொண்ணூறுகளின் நடுவில் அதற்கு ஆபத்து வந்தது. எல்லா ஊரிலும் கம்ப்யூட்டர் படிப்பு வந்துகொண்டிருந்தது. எங்கள் வகுப்பறைதான் தூசி அண்டாத அறை, கம்ப்யூட்டருக்கு ஏற்ற அறை. தாளாளர் ஹாஜியார் ஒரு நாள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். தோல் பதனிடும் ‘தோல் ஷாப்’ ஒன்றும் ஷூ கம்பெனி ஒன்றும் வைத்திருந்தவர் அவர். எதையும் தட்டியோ மடித்தோ பார்க்காமல் முடிவு செய்ய மாட்டார்.

“உங்க டிபார்ட்மெண்ட்ல பசங்க கம்மி, பேச்சு ஜாஸ்தி,” என்றார். “ஜூன்ல இருந்து இங்க பி.சி.ஏ. போட்டுடலாம்னு இருக்கேன். இந்தப் படிப்பால இன்னா உபயோகம், சொல்லுங்க.”

மேடம் இருபது வருஷமாகத் துடைத்து வைத்திருந்த பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் இருக்கிறது, நிறைய உபயோகம் இருக்கிறது, நேரம் வரும்போது தெரியும் என்று சொல்லிவைத்தேன். துறை மூடினால் மேடத்துக்கு அவர் கட்டியது போகும், எனக்கு வேலையே போகும். பயத்தில் சொன்ன பொய்தான் அது.

நேரம் வந்துவிட்டது. ஹாஜியாருக்கு ஷூ வாங்க ஒரு புது பையர் வந்தார், கிரீஸ் நாட்டிலிருந்து. இத்தாலிக்காரர்களிடம் என்ன பேசுவது என்று ஆம்பூருக்குத் தெரியும். ஜெர்மன்காரர்களிடம் ஒன்றும் பேசாமல் இருப்பது எப்படி என்றும் தெரியும். கிரேக்கன் யாருக்கும் பழக்கமில்லை. ஹாஜியார் எனக்கு ஆள் அனுப்பினார். அவன் ஊர் விஷயம் படித்தவர் நீங்கள் ஒருத்தர்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வாருங்கள், அவனைச் சந்தோஷப்படுத்துங்கள், ஆர்டர் கிடைத்தால் பி.சி.ஏ.வுக்கு மாடியில் வேறு அறை கட்டிக்கொள்கிறேன் என்றார்.

மேடத்திடம் ஓடி வந்து சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போங்க தம்பி. நல்லா சாப்டுங்க. வாயை சோத்துக்கு மட்டும் தொறங்க.”

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாஜியார் வீட்டில் ஒரு வழக்கம். விருந்தாளி சாப்பிட்டுக் கை கழுவும் வரை வியாபாரம் பேசக் கூடாது. விலை, கலர், தேதி எதுவும் வாயில் வரக் கூடாது. மற்ற நாளில் அந்த நேரத்தை பிரியாணியே நிரப்பிவிடும். அன்றைக்கு நிரப்ப நான். பையர் பெயர் யானிஸ். பருத்த ஆள், வெயிலில் காய்ந்த கழுத்து. உட்கார்ந்ததும் சோபா தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். ஹாஜியாரின் இங்கிலீஷ் வியாபாரத்தைத் தாண்டாது, அதனால் பக்கத்தில் மகன் இம்தியாஸை உட்காரவைத்திருந்தார். இம்தியாஸ் எங்கள் துறையில்தான் பி.ஏ. படித்தான். மேலே படிக்க மெட்ராஸ் போகிறேன் என்றவனை ஹாஜியார் தோல் ஷாப் ஆபீஸில் உட்காரவைத்துவிட்டார்.

யானிஸின் இங்கிலீஷும் என்னுடையது மாதிரியே நொண்டிதான். இங்கே இரண்டையும் நிமிர்த்தித் தருகிறேன்.

முதலில் மீசைக்காரரை இறக்கினேன். உங்கள் கிழவர்தான் உங்கள் நாட்டைக் கெடுத்தார் என்று ஒரு ஜெர்மன் மேதை சொல்லியிருக்கிறார், தெரியுமா என்றேன். யானிஸ் மென்றுகொண்டே தலையாட்டினார். மீசைக்காரரை ஏதோ ஜெர்மன் மந்திரி என்று அவர் நினைத்திருக்கிறார், அது அப்புறம்தான் தெரிந்தது. தலையாட்டல் கொடுத்த தைரியத்தில் குடிசைக்காரரை இறக்கினேன். பழைய கிரேக்கர்கள் சிந்தித்ததை இன்றைக்குச் சிந்திக்க வேண்டுமானால் அதற்குத் தகுதியான மொழிகள் இரண்டே இரண்டு, ஒன்று பழைய கிரேக்கம், இன்னொன்று ஜெர்மன். நீங்கள் மறந்துவிட்டதை ஜெர்மன்காரர்கள்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இதை நான் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

யானிஸ் கையிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்தார்.

“எங்க கிராமத்துக்கும் ஜெர்மன்காரங்க வந்தாங்க,” என்றார். “நான் பொறக்கறதுக்கு முன்னாடி. தாத்தாவையும் மத்த ஆம்பளைங்களையும் சர்ச்சு வாசல்ல நிக்க வெச்சாங்க. அப்பா ஆடு மேய்க்க மலைக்குப் போயிருந்தார், அதனால நான் இருக்கேன். அவங்க பத்திரமா வெச்சிருக்கறது இன்னா, எனக்குத் தெரியல.”

ஹாஜியார் மகன் பக்கம் சாய்ந்து, இன்னா சொல்றாரு என்று கேட்டார்.

இம்தியாஸ் கண் இமைக்காமல் சொன்னான். “பிரியாணி அவங்க கிராமத்து சாப்பாடு மாதிரியே இருக்காம், அப்பா.”

ஹாஜியார் மனம் குளிர்ந்து இன்னொரு பெரிய கரண்டி எடுத்து யானிஸ் தட்டில் வைத்தார். தாத்தாவைச் சுட்ட இடத்தில் பிரியாணி விழுந்தது. இன்றைக்கும் பிரியாணியைப் பார்த்தால் எனக்கு அந்தக் கரண்டிதான் ஞாபகம் வரும்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். பள்ளத்தில் விழுந்தவன் முதலில் தோண்டுவதை நிறுத்த வேண்டும். நான் மண்வெட்டியை மாற்றினேன். அந்த ஜெர்மன்காரர் சரியில்லைதான், ஆனால் அவர்களிடமிருந்து தப்பி ஓடிய ஒருவர் இருக்கிறார், அவரும் உங்கள் நாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று ஆரம்பித்தேன். யானிஸ் கொஞ்சம் நிமிர்ந்தார். என்ன எழுதினார் என்று கேட்டார். உலகத்தில் சர்வாதிகாரம் வந்ததற்கு மூல காரணமே உங்கள் ஆள்தான் என்று எழுதினார் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. உடனே பிரெஞ்சுக்காரரிடம் ஓடினேன். அவர், தத்துவம் தினசரிப் பயிற்சி, சாவுக்குத் தயாராகும் பயிற்சி என்று கிரேக்கர்களிடமிருந்து எடுத்துச் சொல்கிறார். சர்ச்சு வாசலை இப்போதுதான் சொன்ன மனிதரிடம், சாவுக்குத் தயாராவதைப் பற்றி, வாயில் கத்திரிக்காய்ப் பச்சடியோடு.

அதோடு என் கையிருப்பு தீர்ந்தது. ஹாஜியார் என் முகத்தையும் யானிஸ் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனசில் சுவரைத் தட்டிப் பார்ப்பது எனக்குக் கேட்டது.

யானிஸ் தண்ணீர் குடித்துவிட்டு, “ஜெர்மன், பிரெஞ்சு எல்லாம் சொல்லிட்டீங்க,” என்றார். “நீங்க படிச்சீங்களே, அந்தக் கிழவரை. உங்களுக்கு இன்னா தோணுச்சு?”

என்னை அதுவரை யாரும் கேட்காத கேள்வி. மாணவர்கள் கேட்டதில்லை, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் கேட்டதில்லை, நான் கேட்டுக்கொண்டதில்லை. கைடில் அதற்கு விடை இல்லை. யோசிக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“நான் படிச்சதில்ல.”

யானிஸ் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். மேஜை ஆடியது, டம்ளர் ஆடியது.

“நானும் படிச்சதில்ல,” என்றார்.

பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்க இலக்கணம் சொல்லித்தந்த வாத்தியார் காதைத் திருகியே பிடுங்கி எடுத்துவிடப் பார்த்தார், அன்றிலிருந்து அந்தக் கிழவர்கள் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை, வெளிநாட்டுக்காரன் எவனாவது அவர்களைப் பற்றிப் பேசினால் தெரிந்த மாதிரி தலையாட்டினால் போதும், விலையைக் குறைப்பான், நானும் சும்மா ஆட்டிக்கொண்டே வந்தேன் என்றார். எங்கள் ஊரில் செய்யுளுக்கும் அதே காதுத் திருகல்தான் என்றேன். யானிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி வைக்கச் சொல்லி ஹாஜியாரிடம் தட்டை நீட்டினார். ஹாஜியாருக்கு ஒன்றும் புரியவில்லை. சார் பெரிய ஜோக் சொன்னார் அப்பா, கிரேக்க ஜோக் என்று இம்தியாஸ் மொழிபெயர்த்தான். கை கழுவிய பிறகு ஆர்டர் கையெழுத்தானது. மாடியில் செங்கல் இறங்கியது. துறை பிழைத்தது.

அந்த மேஜையில் நடந்த ஒரே நல்ல வியாக்கியானம் இம்தியாஸ் செய்ததுதான் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மூலத்தில் இல்லாததைச் சொன்னான், ஆனால் யாருக்காகச் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னான்.

மேடம் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, நீங்கள் படிக்காததால் துறை பிழைத்திருக்கிறது, இனிமேல் படிப்பதாக இருந்தால் சத்தம் போடாமல் படியுங்கள் என்றார்.

படித்தேன். காட்பாடி பாசஞ்சரில் நின்றுகொண்டு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய மொழிபெயர்ப்பில், சீடர்கள் எழுதியதையே படித்தேன். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. மீசைக்காரரின் ஆட்டம் பாட்டம் அங்கே தேடினாலும் இல்லை. குடிசைக்காரரின் பெரிய மறதியும் கண்ணில் படவில்லை. இருந்ததெல்லாம் செருப்பு. கிழவர் வாயைத் திறந்தால் செருப்புத் தைக்கிறவர்தான் உதாரணம். ஒருத்தன் பொறுக்க முடியாமல், எப்போது பார்த்தாலும் செருப்பும் சமையலும்தானா, வேறு பேச்சே கிடையாதா என்று சண்டைக்கே வருகிறான். சந்தை ஓரத்தில் ஒரு செருப்புக் கடையில் கிழவர் போய் உட்கார்ந்து பேசுவார் என்று ஒரு பழைய செய்தியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்மேல் வழக்குப் போட்ட மூன்று பேரில் செல்வாக்கானவர் தோல் தொழில் குடும்பத்துக்காரர். அந்த ஆள் கோபத்துக்கு ஒரு காரணத்தைக் குதிரைப்படையில் இருந்த ஒரு சீடர் எழுதிவைத்திருக்கிறார். உன் மகனைத் தோலோடு தோலாக வளர்க்காதே என்று கிழவர் சொல்லிவிட்டாராம்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வாழ்நாளெல்லாம் தோல் வாசனையில் கிடந்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஜெர்மன்காரர்கள் எவரும் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கிழவரைப் பார்த்ததில்லை, நான் பார்க்கிறேன் என்று எனக்குத் திமிர் ஏறியது. பதனிட்டுச் சாயம் போடாமல் வைத்திருக்கும் தோலைப் பார்த்திருப்பீர்கள், எந்தச் சாயத்தில் முக்கினாலும் அந்த நிறம் ஏறும். அவர்கள் அவரவர் சாயத்தில் முக்கினார்கள் என்று பரிகாசம் பண்ணிக்கொண்டிருந்தவன், மூலத்தைத் திறந்த மூன்றாம் மாதமே என் பங்குக்கு ஒரு சாயத் தொட்டி வெட்டிவிட்டேன்.

நிறுவனர் நாள் வந்தது. எனக்குக் கொடுத்தது நன்றியுரை. நன்றியுரை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மைக்செட்காரருக்கு, பந்தல்காரருக்கு, வந்தவர்களுக்கு, வராதவர்களுக்கு. முன் வரிசை முழுக்கத் தோல் ஷாப் முதலாளிகள். பாலாற்றில் கழிவு கலக்கிற விவகாரம் கோர்ட்டில் இருந்த சமயம். கிணற்றில் தண்ணீர் நிறம் மாறினாலும் வீட்டில் பால் திரிந்தாலும் எங்களைத்தான் சொல்கிறார்கள் என்று அவர்கள் நொந்துபோயிருந்தார்கள். நியாயம் முழுதாக அவர்கள் பக்கம் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், அதனால் இன்னும் நொந்திருந்தார்கள்.

நான் மைக் முன்னால் நின்று, பந்தல்காரரை விட்டுவிட்டு ஏதென்ஸுக்குப் போய்விட்டேன். உலகத்தின் பெரிய தத்துவவாதி உட்கார்ந்து பேசிய இடம் நம் ஊர் மாதிரி ஒரு செருப்புக் கடை என்றேன். கைதட்டினார்கள். அங்கே நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் துறை இருக்கும். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. அவரைச் சாகடித்ததும் நம் தொழில்காரர்தான் என்றேன். மகனைத் தோலுக்குள் கட்டிப்போடாதே என்று சொன்ன குற்றத்துக்காக ஒரு தோல் முதலாளி அந்த மகானுக்கு விஷம் வாங்கிக் கொடுத்தார் என்றேன்.

மைக் இரைந்துகொண்டிருந்தது. அப்புறம் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரே ஒரு ஆள் கைதட்டினான். எழுந்து நின்று தட்டினான். இம்தியாஸ். சாப்பாட்டு மேஜையில் அப்பாவுக்காக அவ்வளவு அழகாகப் பொய் சொன்னவன், இங்கே அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே தட்டினான்.

ஹாஜியார் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த நிகழ்ச்சி நிரலை நாலாக, எட்டாக மடித்தார்.

போன தடவை படித்ததில்லை என்று சொல்லித் தப்பித்தேன். இந்தத் தடவை அந்த வழியும் இல்லை, படித்துத் தொலைத்திருந்தேன். கிழவரிடமும் தப்பு இருந்தது, அவருக்கு வாய்த் துடுக்கு என்று சமாளிக்கப் பார்த்தேன். மேடைக்கு எதிரே ஒரு பெரியவர் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கா, எடுத்து வீசுவதற்கா என்று மேடையிலிருந்து தெரியவில்லை. அப்போது மேடம் பக்கவாட்டிலிருந்து பாட்டுக் குழுப் பெண்களுக்குக் கையைக் காட்டினார். தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. எல்லோரும் எழுந்து விறைத்து நின்றார்கள், முடிந்ததும் அவரவர் கார் பக்கம் போய்விட்டார்கள். நெருக்கடியில் முடிவெடுப்பது என்றால் என்ன என்று என் பணிக்காலத்தில் கண்ணால் பார்த்தது அந்த ஒரு கை அசைவுதான்.

படி இறங்கும்போது மேடம் சொன்னார். “அந்த ஜெர்மன்காரங்க எல்லாம் அவங்கவங்க ஊர்ல உக்காந்து எழுதினாங்க தம்பி. கிழவர் மேல கேஸ் போட்டவங்க முன்னாடி போய் மைக் புடிக்கல.”

அந்த ஜூனில் துறை மூடப்பட்டது. மேடம் பீரோவைக் கடைசியாக ஒரு தடவை துடைத்தார், சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வேலூர் பஸ் ஏறினார். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்தது, அது வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இம்தியாஸ் மெட்ராஸ் போனான். கிழவர் அவனையாவது காப்பாற்றினார் என்று நான் பூரித்திருந்தபோது, அவன் சேர்ந்தது எம்.பி.ஏ. என்று தெரிந்தது.

கிழவருக்கு எந்தச் சட்டை பொருந்தும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மூலத்தைப் படியுங்கள் என்பேன். படித்தால் உங்கள் தெரு அதில் தெரியும், தெரியத்தான் செய்யும். அந்தத் தெருவில் யார் வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வாயைத் திறங்கள்.

நிறுவனர் நாளுக்கு மறுநாள் காலையில் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். வேலை போய்விட்டது என்று தெரிந்தே போனேன். டீ வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும் வரை பேசவில்லை, வீட்டு வழக்கத்தை விடவில்லை. அப்புறம், விஷம் கொடுத்த அந்த ஆள் உண்மையிலேயே நம் தொழில்காரன்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையிலேயே விஷமா என்றார். கோர்ட் தீர்ப்பு, ஆனால் வழக்குப் போட்டது அவர்தான் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பினார். மகனைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

“அந்த தோல்காரன் வெஷம் குடுத்தான்,” என்றார். “எனக்கு அவ்ளோ கல் நெஞ்சு கெடையாது, புரொபசர் சாப். நான் உங்களுக்கு லைப்ரரி குடுக்கறேன். அங்க பேசக் கூடாதுன்னு போர்டே மாட்டி வெச்சிருக்கு.”